சிவனொளிபாத மலையில் ஒற்றை மணி

இலங்கையின் அட்டனில் ரயிலைவிட்டு இறங்கி, மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணி சேரும்போது இரவாகிவிட்டது. 2 மணிக்கு ஏறத் தொடங்கினோம். உயரம் 2,243 மீட்டர். படிகள் 5,000க்கும் மேல். எண்ணத் தொடங்கி முந்நூறோடு விட்டுவிட்டேன். வெறுங்காலோடு ஒரு ஆச்சி என்னைத் தாண்டிப் போனார். “மெதுவாக வாருங்கள், மகன்” என்று ஆறுதல் வேறு!

உச்சியில் ஒரு மணி. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஆச்சி அடித்துக்கொண்டே இருந்தார்.

சூரியன் எழுந்ததும் கூட்டம் கிழக்கே பார்க்க, நான் மேற்கே திரும்பினேன். மேகத்தின்மேல் மலையின் நிழல், அளந்து வெட்டிய முக்கோணமாக! குளிர்கூட மறந்துபோனது.

இறங்கும்போதுதான் முழங்கால் வழக்குத் தொடுத்தது. இன்று மூன்றாம் நாள். வீட்டு மாடிப்படியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.