பிரியெனின் கவசமும் அம்மாவின் எவர்சில்வர் சொம்பும்

அக்டோபர் கடைசியில் தொடங்கிப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு முடித்த ஒரே ஓவியத்தைப் பற்றிய குறிப்பு இது. வரையப்பட்டவர் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற கற்பனை உலகத் தொலைக்காட்சித் தொடரில் வரும் வீராங்கனை பிரியென். 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளாக வந்த அந்தத் தொடரில் அரசர்களையும் பறவைநாகங்களையும் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கோ, கொடுத்த வாக்கைக் காப்பதற்காக மழையிலும் சேற்றிலும் நடந்துகொண்டே இருக்கும் இந்த உயரமான பெண்மணியின் மீதுதான் தொடக்கத்திலிருந்தே பற்று. கணினித் திரையில் வரைந்து பழகிய நான், காகிதத்தில் நீர்வண்ணம் கொண்டு மனித உருவம் தீட்டியது இதுவே முதல் முறை. ஆறு முறை முயன்றேன். அவற்றுள் நான்கு குப்பைக்குப் போயின, ஐந்தாவது பாதியில் நின்றது, ஆறாவதுதான் முடிந்தது.

நான்காம் பருவத்தில், 2014ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு பகுதியில், அரச காவல்படை வீரர் ஜேமி லானிஸ்டர் பிரியெனுக்கு ஒரு வாளையும் ஒரு கவசத்தையும் கொடுப்பார். முதல் பருவத்தில் கொல்லப்பட்ட நெட் ஸ்டார்க் என்ற பிரபுவின் பெருவாளை உருக்கிச் செய்த இரண்டு வாள்களில் ஒன்று அது. சிங்கத்தலைக் குமிழ் கொண்ட அந்த வாளுக்குப் பிரியென் ‘ஓத்கீப்பர்’, அதாவது வாக்குக் காப்பது, என்று பெயர் வைப்பார். அந்தக் கவசத்தை அணிந்து, வாளை மடிமீது கிடத்தி அமர்ந்திருக்கும் பிரியெனை வரைய வேண்டும் என்பதே என் எண்ணம். தொடரின் எந்தக் காட்சியையும் அப்படியே பெயர்த்து எழுதக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். திரையில் நிறுத்திவைத்த படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் உருவ ஒற்றுமை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றுமை ஒளிப்பதிவாளருடையதே தவிர நம்முடையதாகாது.

முதல் இரண்டு முயற்சிகளும் முகத்தில் கெட்டன. கென்ட் வரைதாள் ஒன்றில் எச்பி பென்சிலால் மெல்லக் கோடிழுத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தபோது, தாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தவர் மகாலட்சுமி. சிறு வயதில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் கொடுக்கும் நாள்காட்டிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த கை இது. கோவில்பட்டி கொண்டையராஜு மரபில் வந்த அந்தப் படங்களின் அகன்ற கண்ணும், சிறுத்த வாயும், உருண்டு முடியும் மோவாயும் என் மணிக்கட்டிலேயே தங்கிவிட்டன போலும். பிரியெனுக்கு அது பொருந்தாது என்பதைவிட, அது அவருக்குச் செய்யும் அநீதி என்றே சொல்வேன். கதையில் அவரை ‘அழகி பிரியென்’ என்று கேலியாக அழைப்பார்கள். அந்தக் கேலியைச் சுமந்து நிமிர்ந்து நிற்பவரை நான் தாளில் அழகியாக்கிவிட்டால், கேலி செய்தவர்களின் பக்கம் சேர்ந்தவளாவேன்.

ஆகவே மூன்றாம் முறை கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டுக் கழுத்திலிருந்து தொடங்கினேன். நடித்தவரான குவெண்டலின் கிறிஸ்டி 191 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர். உயரமான பெண்கள் பலரும் கூட்டத்தில் சற்றுக் குனிந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பிரியெனோ கழுத்தைத் தளர்த்தாமல், மோவாயைத் தூக்காமலும் தாழ்த்தாமலும், உத்தரவுக்குக் காத்திருக்கும் காவலரைப் போல நிற்பார். அந்தக் கழுத்தையும் தோளையும் எட்டுக் கோடுகளில் பிடித்துவிட்ட பிறகு, முகத்தில் இரண்டு புள்ளிகளும் ஒரு கீற்றும் வைத்தபோதே என் தங்கை எட்டிப் பார்த்து “பிரியென்தானே அக்கா?” என்று கேட்டுவிட்டாள். மோவாயை அகலமாகவும் நேர்க்கோட்டுக்கு அருகிலும் வைத்துக்கொண்டேன். உதட்டுக்கு வண்ணமே கொடுக்கவில்லை. முகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் கவசத்தில்தான் இருந்தது. உலோகம் என்றால் சாம்பல் நிறம் என்று நினைத்து, பேய்ன்ஸ் கிரே வண்ணத்தை நீரில் கரைத்து, ஓரங்களில் அடர்த்தியாகவும் நடுவில் வெளிறலாகவும் பூசினேன். காய்ந்த பிறகு அது சிமெண்டுத் தொட்டியைப் போல இருந்தது. குவாஷ் எனப்படும் ஒளி ஊடுருவாத வெள்ளை வண்ணம் கொண்டு ஆங்காங்கே மினுக்கம் வைத்தேன், அது மழையில் நனைந்த சிமெண்டுத் தொட்டியாயிற்று. நிழலின் அளவு சரியாக இருந்தும் உலோகமாகத் தெரியாதது ஏன் என்று விளங்காமல் நான்கைந்து நாள் தூரிகையைத் தொடவே இல்லை.

விளக்கம் சமையலறையில் கிடைத்தது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சமையலறை மேடையில் அம்மா தண்ணீர் பிடித்துவைக்கும் எவர்சில்வர் சொம்பு ஒன்று உண்டு. ஒரு காலைப்பொழுதில் அதை உற்றுப் பார்த்தபோது அதில் சாம்பல் நிறம் எங்குமே இல்லை என்பது தெரிந்தது. சன்னல் கம்பிகள் கறுப்பு வரிகளாக வளைந்து கிடந்தன, எதிர்ப் புளோக்கின் ஆரஞ்சுச் சுவர் ஒரு துண்டாக இருந்தது, அருகிலிருந்த மஞ்சள் தூள் டப்பா அடிப்பக்கத்தில் ஒரு கோடாக ஒளிர்ந்தது. கறுப்பும் வெளுப்பும் ஒன்றோடொன்று கரையாமல், கத்தரித்து ஒட்டியவை போல அடுத்தடுத்து நின்றன. மெருகேற்றிய உலோகத்துக்கென்று சொந்த நிறம் அதிகம் கிடையாது, அது எதைப் பார்க்கிறதோ அதன் நிறமே அதன் நிறம். நான் மண்பானைக்குப் போட வேண்டிய நிழலை எவர்சில்வருக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது புரிந்த மறுகணமே வேறொரு கேள்வி வந்து நின்றது. பிரியெனின் கவசம் எதைப் பார்க்கிறது? அதுவரை பின்னணி என்று ஏதோ ஒரு மங்கலான பழுப்பைப் பூசிவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போதோ அவர் எங்கே இருக்கிறார் என்று முடிவு செய்யாமல் தோள்கவசத்தில் ஒரு சொட்டு வண்ணம் வைக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது.

அவரை டார்த்துக்கு அனுப்பினேன். அது அவர் பிறந்த தீவு. நீலக்கல் தீவு என்பது அதன் மறுபெயர். சிறைப்பிடித்தவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றுவதற்காக, அந்தத் தீவு முழுதும் நீலக்கல் கொட்டிக் கிடக்கிறது என்று ஜேமி ஒரு பொய் சொல்வார். உண்மையில் அந்தப் பெயர் அதைச் சூழ்ந்த கடலின் நீலத்தால் வந்தது. தொடர் முழுதும் பிரியென் ஊர் ஊராக அலைவாரே தவிர, ஒருமுறைகூடத் தம் வீட்டு வாசலில் நிற்பதை நாம் பார்ப்பதில்லை. என் தாளிலாவது அவர் ஊர் போய்ச் சேரட்டும் என்று தோன்றியது. வண்ணமும் பொருந்தி வந்தது. அல்ட்ராமெரின் என்ற நீலத்தின் பெயருக்கே கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதுதான் பொருள். ஆப்கானிஸ்தானின் லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த அந்த நிறம் ஐரோப்பாவில் பொன்னுக்கு நிகராக விற்றது. 1820களில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே என்னைப் போன்றவர்களின் பெட்டிக்குள் வந்தது.

டிசம்பர் மாத ஞாயிறு ஒன்றில், விடிந்து அரை மணி நேரத்துக்குள், சொம்பையும் சிறிய வரைபுத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனேன். கடற்கரை மணலில் சொம்பை வைத்து, அதன் பின்னால் கடல் தெரியும்படி அமர்ந்தேன், ஏனெனில் நான் மனத்தில் வைத்திருந்த படமும் அதுதான்: முன்னால் பிரியென், பின்னால் நீலக்கடல். ஆனால் சொம்பில் கடலைக் காணோம். அதில் நான் இருந்தேன், எனக்குப் பின்னாலிருந்த தென்னைகளும் சைக்கிள் பாதையும் இருந்தன. கடல், சொம்பின் இரு ஓரங்களிலும் நூல் பருமனில் நசுங்கிக் கிடந்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை. வளைந்த உலோகத்தின் முன்பக்கம் பார்ப்பவரின் பக்கத்தைத்தான் காட்டும். கவசத்தில் கடல் தெரிய வேண்டுமானால் பிரியென் கடலைப் பார்த்து அமர வேண்டும், நாம் கடற்பக்கம் நின்று அவரைப் பார்க்க வேண்டும். அப்படியானால் பின்னணியில் வெறும் பாறையும் புல்லும்தான் இருக்கும். கடல் படத்தில் வேறெங்கும் இருக்காது, அவர் மார்பில் மட்டுமே இருக்கும்.

உடனே எழுந்து மறுபக்கம் போய், அலை காலைத் தொடும் தூரத்தில், கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்துகொண்டேன். சொம்பின் வயிறு மிக அகன்ற இடத்தில் தொடுவானம் ஒரு கருங்கோடாக ஓடியது, அதன்மேல் நங்கூரமிட்ட கப்பல்கள் எள் தூவியதைப் போல இருந்தன. கோட்டுக்கு மேலே வானம், கீழே ஈர மணலின் தேன் நிறம். கழுத்தில் மட்டும் வரிசை தலைகீழாக இருந்தது. வாய்விளிம்பை நோக்கி விரியும் பகுதி தரையைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் அங்கே மணலும், அதற்குக் கீழே உள்ளொடுங்கிய பகுதியில் வானமும் தெரிந்தன. கவசத்தின் கழுத்துப்பட்டியும் மேல்நோக்கி விரியும் வடிவந்தானே! நான்கு நாள் மேசையில் அமர்ந்து யோசித்திருந்தாலும் இதை நான் ஊகித்திருக்க மாட்டேன்.

இப்படிக் குனிந்தும் நிமிர்ந்தும் சொம்பை வட்டமிட்டுக்கொண்டிருந்த என்னை, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று, கைத்தடியை இரு கைகளாலும் பிடித்தபடி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும், மெல்லிய குரலில், “யாருக்கும்மா திதி? தனியாவா வந்தீங்க?” என்று கேட்டார். இல்லை ஐயா, படம் வரைகிறேன் என்று வரைபுத்தகத்தைக் காட்டினேன். அதில் வாளோடு இருந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, “ஓ, மதுரை வீரனா!” என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பெயர் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஐந்தாம் முயற்சியைக் கெடுத்தது நம் ஊர் ஈரக்காற்று, அல்லது அதைப் பொருட்படுத்தாத என் சோம்பல். மினுக்கம் வர வேண்டிய இடங்களில் தாளின் வெண்மையைக் காப்பதற்காக ரப்பர்ப் பால் போன்ற மறைப்பு நீர்மத்தைத் தடவி, அதன்மேல் வண்ணம் பூசி, காய்ந்ததும் உரித்தெடுப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட அந்த வாரத்தில் தாள் காயவே இல்லை. அலுவலக வேலையும் சேர்ந்துகொள்ள, எட்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். உரித்தபோது இடது தோள்கவசத்தின் மேல்தோல் நீர்மத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது, தீப்புண் ஆறியதைப் போல ஒரு பொருக்கு நின்றது. அதன் பிறகு அந்த நீர்மத்தைக் கைவிட்டேன். பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள முழுப்பருத்தித் தாள் வாங்கி, ஏ3 அளவில் வெட்டி, நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டி, வெண்மை வேண்டிய இடங்களைத் தூரிகையாலேயே விட்டு விட்டுப் பூசினேன். மின்விசிறியை நேராகத் தாளின்மேல் திருப்பாமல் சுவரில் மோதவிட்டுக் காயவைத்தால் வண்ணம் திட்டுத்திட்டாகக் காய்வதில்லை என்பது கைகண்ட பாடம்.

ஆறாவதில், ஈஸ்ட் கோஸ்டில் நான் கண்ட கடல் பாசி கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தபோதும், அதை நீலமாக்கினேன். அல்ட்ராமெரினோடு சிறிது பர்ன்ட் சியன்னா கலந்தால் கிடைக்கும் கருநீலம் தொடுவானக் கோட்டுக்கு. தனி அல்ட்ராமெரின் அதன் அடியில் உள்ள கடலுக்கு. வெகுவாக நீர் சேர்த்தது வானத்துக்கு. மஞ்சள் ஓக்கர் வயிற்றுப் பகுதியின் மணலுக்கு. அல்ட்ராமெரின் தாளின் குழிகளில் குருணை குருணையாக இறங்கும் இயல்புடையது. வானத்துக்கு அது அழகு, மெருகான உலோகத்துக்கு ஆகாது என்று பயந்தேன். ஆனால் பல போர்களைக் கண்ட கவசத்தின் கீறல்களாக அது தானே அமைந்துவிட்டது. பட்டைகளின் ஓரங்களை எங்கும் கரைக்கவில்லை. பூசிக்கொண்டிருந்தபோது ஒன்றுமே புரியாத வரிக்குதிரைபோல இருந்தது, மூன்றடி தள்ளி நின்றதும் இரும்பாகிவிட்டது. கப்பல்களை விட்டுவிட்டேன்.

வாளுக்கு அதிகம் மெனக்கெடவில்லை. தொடருக்கு மூலமான நாவல்களில், இந்த வாள் செய்யப்பட்ட வாலிரியன் எஃகு என்ற கற்பனை உலோகத்தில் அலையலையாக வரி ஓடுவதாக வரும். உண்மையான உலகில் அத்தகைய வரிகளுக்குப் பெயர்போனவை டமாஸ்கஸ் வாள்கள், அவற்றுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் அந்த உருக்குத் தொழிலின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இதை எண்ணி மகிழ்ந்தபடியே, கூரிய 2எச் பென்சிலால் வாளின் மீது நான்கைந்து நெளிகோடுகள் இழுத்ததோடு சரி.

முடிந்த படத்தில் குறைகள் உண்டு. வாளின்மேல் படிந்திருக்கும் இடது கையின் விரல்கள் வாழைச்சீப்பைப் போல ஒரே பருமனில் இருக்கின்றன. பின்னணிப் புல் அவசரத்தில் பூசப்பட்டது என்பது பார்த்தவுடன் தெரியும். கழுத்துப்பட்டியின் தலைகீழ் வரிசையை நான் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். ஆயினும் பார்க்கிறவர்கள் அதைத் தவறு என்றே சொல்கிறார்கள், சொம்பைக் கொண்டுவந்து காட்டினால்தான் நம்புகிறார்கள்.

அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பொண்ணு கம்பீரமா இருக்கா. ஆனா ஏன்டி இவ்வளவு சோகம்?” என்றார். ஊருக்கு வந்திருக்கிறாள், நெடுநாள் கழித்து, என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, சொம்பின் அடியில் மணல் கீறிய தடத்தை விரலால் தடவிக் காட்டி, அதை மேடையின் உட்புறமாகத் தள்ளி வைத்தார்.

அடுத்து, வெட்டுண்ட வலக்கைக்குப் பதிலாக ஜேமி அணியும் தங்கக் கையை வரைய வேண்டும். அதற்குப் பித்தளைச் சொம்பு தேவைப்படும். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பூசை அறையில் இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.