வளைந்த தெருவை நீட்டி மடிப்பது

அமெரிக்கக் கலைஞர் எட் ருஷேயின் 'சன்செட் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு கட்டடமும்' என்ற புகைப்படப் புத்தகம் 1966இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் சுமார் 2.4 கி.மீ. தெரு, கொசுவம்போல மடித்த 25 அடிக் காகிதத்தில் அடங்கியிருக்கிறது. பிக்அப் டிரக்கில் மோட்டார் வைத்த நிக்கான் கேமராவை ஏற்றி எடுத்த படங்கள். ஒரு பக்கக் கட்டடங்கள் மேலே நேராக, எதிர்ப்பக்கம் கீழே தலைகீழாக. இடையில் விட்ட வெள்ளைதான் சாலை. கதவு எண்களும் குறுக்குத்தெருப் பெயர்களும் உண்டு. இதை நான் நிலப்படமாகவே பார்க்கிறேன். அளவு ஏறக்குறைய 1:300, அதாவது காகிதத்தில் 1 செ.மீ. என்பது தெருவில் 3 மீட்டர்.

உங்கள் தெருவை இப்படி எடுக்க முதலில் கணக்கு வேண்டும். முழு ஃபிரேம் கேமரா (சென்சார் அகலம் 36 மி.மீ.), 28 மி.மீ. லென்ஸ், சுவர் 15 மீட்டர் தள்ளி என்றால் ஒரு படத்தில் 19 மீட்டர் விழும். ஓரங்களில் பக்கச்சுவர்கள் எட்டிப்பார்க்கும், ஆகவே நடு மூன்றிலொரு பங்கை மட்டும் வெட்டியெடுங்கள். வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு ஒரு படம் போதும். ஷட்டர் 1/250 நொடி வைத்தால் அதற்குள் வண்டி 2 செ.மீ. நகர்ந்து பெயர்ப்பலகை எழுத்து கலங்கிவிடும், 1/2000 வையுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, ஆட்டோவில் விடாதீர்கள். வெள்ளைச் சுவர் வரும்போதெல்லாம் படம் இருண்டு, ஒட்டிய இடம் பட்டையாகத் தெரியும்.

சுவர் பொருந்தும்படி ஒட்டினால் அதற்கு முன்னால் நிற்பவை பொருந்தாது. காரின் நடுப்பகுதி காணாமல் போகும். குறுக்குத்தெருவின் உள்ளே தூரத்தில் இருக்கும் மரம் இரண்டு மூன்று முறை வரும். ருஷேயிடமும் கார்கள் அறுபட்டே நிற்கின்றன. மென்பொருளைக் கொண்டு இதை மழுப்புவது எனக்குச் சம்மதமில்லை. தையல் தெரிந்தால்தான் எங்கே நின்று பார்த்தோம் என்பதும் தெரியும்.

பெரிய சிக்கல் வளைவில்தான். இருபக்கச் சுவர்களுக்கும் இடையே 30 மீட்டர் இருந்து, தெரு வில்போல வளைந்து 90 பாகை திரும்பினால் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட 47 மீட்டர் நீளம். 1:300இல் அது 15 செ.மீ.க்கும் மேல். அதைச் சரிக்கட்டக் கட்டடங்களை இழுக்கவோ நெருக்கவோ கூடாது. குறுக்குத்தெரு வரும் இடங்களில் உள்பக்க வரிசையில் வெள்ளை இடைவெளி விட்டு, இரண்டு பக்கத்தையும் அங்கங்கே மறுபடி நேர்ப்படுத்துங்கள். கடைசிவரை தள்ளிப்போட்டால் எதிரெதிர் வீடுகள் எதிரெதிரே இருக்காது.

காகிதத்தின் இழை மடிப்புக்கோட்டின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பில் மை வெடிக்கும். தாள்களை ஒட்ட 1 செ.மீ. விளிம்பு விட்டு, இணைப்பு மடிப்பிலேயே விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.