மும்பையில் வாசலில் நிற்பது எப்படி

மும்பை லோக்கல் ரயிலின் சாதாரணப் பெட்டிகளில் கதவு இருக்கிறது. ஓடும்போது யாரும் அதைச் சாத்துவதில்லை. இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்த வாசல், நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். காலை எட்டரை மணிக்கு சயான் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டியின் வாசலுக்கு முன்னால் நின்று பார்த்தால், இதில் இன்னொரு ஆள் ஏறவே முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ரயில் அரை நிமிடம்கூட நிற்காது. ஆனாலும் பிளாட்பாரத்தில் நின்ற பத்துப் பதினைந்து பெண்களும் ஏறிவிடுவார்கள்.

எங்கள் சித்தி வீடு தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆட்கள் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள். அதனால் அந்தச் சந்துகளில் தமிழ் கேட்கத் தேடிப் போக வேண்டாம், நம்ம ஊர்ப் பேச்சே காதில் விழும். ஊரிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, சித்தி வீட்டில் தங்கி, ஃபோர்ட் பக்கம் வேலைக்குப் போகும் சித்தி மகளோடு தினமும் கிளம்பிவிடுவேன். அவள் அலுவலகம் போனதும் நான் ஊர் சுற்றப் போவேன். கோட்டை, கடற்கரை எல்லாம் பார்த்தேன். ஆனால் எழுத வேண்டும் என்று நினைத்தது வாசல்களைப் பற்றித்தான்.

முதல் நாளே சித்தி மகள் பாடம் எடுத்துவிட்டாள். "அக்கா, பைய முன்னால மாட்டிக்க. ஏறின உடனே வாசல்ல நிக்காத. நாம கடைசி ஸ்டேஷன். தாதர்ல இறங்குறவங்களுக்கு வழிய விட்டுட்டு உள்ள போயிடணும்."

சயானுக்கு அடுத்தது மாட்டுங்கா, அதற்கடுத்தது தாதர். மத்திய ரயில்வே தடமும் மேற்கு ரயில்வே தடமும் சந்திக்கும் இடம் அது. பெட்டியில் பெரும்பகுதி அங்கே இறங்கித் தடம் மாறும். அதாவது சயானில் ஏறிய கூட்டமும் ஏற்கெனவே கல்யாண், டோம்பிவ்லி, தாணேயிலிருந்து வந்துகொண்டிருக்கும் கூட்டமும் சில நிமிடங்களுக்குள் தங்களைத் தாங்களே அடுக்கிக்கொள்ள வேண்டும். இறங்குகிறவர் வாசலுக்கு வரவேண்டும், இறங்காதவர் உள்ளே போகவேண்டும். நடக்கவோ திரும்பவோ இடம் கிடையாது.

பின்னாலிருந்து என் தோளை இரண்டு விரல் தொட்டது. "தாதர்?" என்று ஒரு குரல். இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பெண் தள்ளவில்லை. என் முழங்கையை மெல்லப் பிடித்து, தானும் பக்கவாட்டில் திரும்பி, என்னையும் திருப்பினார். அவர் நின்ற இடத்தில் நான், நான் நின்ற இடத்தில் அவர். அடுத்து இன்னொரு விரல், இன்னொரு "தாதர்?", இன்னொரு திருப்பம். ஓர் அடிகூட நடக்காமல் நான் ஜன்னல் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தேன். தாதர் வந்தபோது வாசலை ஒட்டி நின்றவர்கள் அத்தனை பேரும் அங்கே இறங்குகிறவர்கள். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பது உட்பட எல்லாம் முடிவாகியிருந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. முன்கூட்டியே கேட்டதுதான் அங்கே மரியாதை.

நம் ஊரில் வாசல் மரியாதை வேறு விதம். கல்யாண மண்டப வாசலில் இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே வந்துவிட்டால் "நீங்க போங்க", "இல்லல்ல, நீங்க முதல்ல" என்று இருவரும் நின்றுவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். ஆனால் லோக்கல் வாசலில் அப்படி நின்றால் இரண்டு பேருக்குமே ஸ்டேஷன் போய்விடும். அங்கே, நான் எங்கே போகிறேன் என்பதைச் சரியான நேரத்தில் சொல்லிவிடுவதுதான் அடுத்தவருக்குச் செய்யும் உபகாரம்.

உட்கார்ந்திருப்பவரிடமும் அப்படித்தான். பெண்கள் பெட்டியில் ஏறியவுடன் ஒருவர் இன்னொருவரிடம் "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டு வைத்துக்கொள்வார். பதில் சொன்னவர் எழுந்திருக்கும்போது, எத்தனை பேர் அருகில் நின்றாலும், கேட்டவரைத் தேடிக் கண்ணால் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் போவார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய எனக்கு, வெறும் ஒரு கேள்வியை நம்பி ஒரு இடம் காத்திருப்பது பெரிய ஆச்சரியம். கிளிப், கம்மல், ஊக்கு விற்கும் பெண்கள் அந்த நெரிசலிலும் ஏறுவார்கள். அவர்கள் இறங்கும்போது கூடையை வாசலில் நிற்பவர் வாங்கிக்கொண்டு, ஆள் இறங்கியதும் கையில் கொடுப்பார். கூடை யாருடையது, எவ்வளவு சரக்கு என்று யாருக்கும் கணக்கு வேண்டாம்.

1853 ஏப்ரல் 16-ஆம் தேதி மும்பையின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதும் இந்தத் தடத்தில்தான். அன்று 34 கிலோமீட்டர் ஓடிய தடம் இன்று கசாரா வரை, கோபோலி வரை நீண்டுவிட்டது. வீடு தூரமாகப் போகப் போக வாசலில் நிற்கும் நேரமும் கூடுகிறது. 2025 ஜூன் 9-ஆம் தேதி காலை மும்ப்ரா அருகே வளைவில், எதிரெதிரே போன இரண்டு லோக்கல்களின் வாசலில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தார்கள். உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் சாதாரண லோக்கல்களிலும் தானியங்கிக் கதவு வரும் என்று ரயில்வே அறிவித்தது.

அதை மனதில் வைத்துப் பார்த்தால் வாசலில் கேட்கும் "அந்தர் சலோ, அந்தர் சலோ" (உள்ளே போங்க) என்ற சத்தம் எரிச்சலாகத் தோன்றாது. உள்ளே காற்றாடிக்குக் கீழே நிற்பவர் ஒரு சாண் நகர்ந்தால், அந்த ஒரு சாண் ஆள் ஆளாகக் கைமாறி வாசலுக்கு வந்து, தொங்கிக்கொண்டிருக்கும் ஒருவருடைய இரண்டாவது காலுக்கு இடமாகிறது. நகர்ந்தவருக்கு அந்தக் கால் யாருடையது என்று கடைசிவரை தெரியாது. முகம் பார்த்துச் செய்யும் உபசாரத்தைவிட இது உயர்ந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லாம் இப்படியே நடக்கிறது என்று எழுதினால் பொய். மாலையில் கடைசி ஸ்டேஷனான சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் (சித்திக்கு இன்னும் அது பழைய விக்டோரியா டெர்மினஸ், வி.டி.தான்) ரயில் நிற்பதற்குள் தாவி ஏறி ஜன்னலோரம் பிடிப்பவர்கள், இறங்க வருகிறவர்களைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறார்கள். மேற்குத் தடத்தில் இன்னும் மோசம். தூரத்து விரார் வரை போகும் வண்டியில், வழியிலேயே இறங்கும் போரிவலிக்காரர்கள் ஏறினால், தினசரி குரூப் ஒன்று வாசலை அடைத்து இறங்கவிடாமல் செய்வது மும்பையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. "தூரம் போறவங்க வண்டியில நீ ஏன் ஏறின?" என்பது அவர்கள் நியாயம். அந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வாசலை அடைப்பவர் யாராக இருந்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2017 டிசம்பர் 25-ல் ஓடத் தொடங்கிய ஏ.சி. லோக்கலில் கதவு தானாக மூடும். ஒருவருடைய பையோ துப்பட்டாவோ சிக்கினால் கதவு மூடாது, வண்டி கிளம்பாது. அதில் போனபோது, கடைசியாக ஏறியவருக்காக முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் ஒன்றாக வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்து நின்றார்கள். கதவு மூடியதும் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

மாட்டுங்காவுக்கு ஒரு நாள் போனேன். சித்தியின் தோழி ஒருவர் பழைய கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் இருக்கிறார். இரும்புக் கிராதிக் கதவு வைத்த அந்தக் காலத்து லிஃப்ட். வெளியில் ஒரு கிராதி, உள்ளே ஒரு கிராதி, இரண்டையும் முழுதாக இழுத்துச் சாத்தினால்தான் அடுத்தவர் கூப்பிடும்போது லிஃப்ட் நகரும். யாராவது மேலே சாத்தாமல் போய்விட்டால், கீழே நிற்பவர் அந்தக் கூண்டு வழியாக அண்ணாந்து "லிஃப்ட் கா தர்வாஜா!" (லிஃப்ட் கதவு!) என்று கத்துவார். எந்த மாடியிலாவது ஒரு கதவு திறக்கும், யாரோ வந்து சாத்துவார்கள். திறந்து விட்டவரே வந்து சாத்துவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, யார் காதில் விழுந்ததோ அவர் வேலை அது. அப்புறம் ஸ்டேஷன் எதிரே, 1942-லிருந்து இருக்கும் ராமா நாயக் உடுப்பி ஹோட்டலில் சாப்பாடு. வாசலில் காத்திருப்பவர்களைப் பார்த்ததும் உள்ளே சாப்பிட்டு முடித்தவர்கள் பேச்சை நிறுத்தி எழுந்துவிடுகிறார்கள். சாப்பாடு அருமை, ரசம் மட்டும் நமக்கு இனிப்பு.

தாராவிச் சந்துக்கு வருகிறேன். சித்தி வீட்டுச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடம்பை ஒடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வீட்டு வாசல்கள், மேல் அறைக்கு ஏறும் இரும்பு ஏணிகள், விடிந்ததும் சில படிகளில் கோலம். கதவுகள் நாள் முழுவதும் திறந்தே இருக்கும். சாத்தினால் உள்ளே காற்றும் வெளிச்சமும் கிடையாது. நடந்து போகிறவரின் தோளுக்கு ஒரு முழத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருப்பாள், ஒரு பையன் புத்தகத்தோடு படுத்திருப்பான். அங்கே நடக்கிறவர் பார்வையை நேராக வைத்துக்கொண்டு போகிறார். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பழக்கம் வந்திருக்கிறது. படியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிறவர் காலடிச் சத்தம் கேட்டதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலை மடக்கிக்கொள்வார். ஆள் கடந்ததும் மறுபடி ஊற்றுவார். இதற்காக யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கதவு திறந்திருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு மறைவு கிடைத்துவிடுகிறது. அதைக் கொடுப்பது தெருவில் போகிற அந்நியர்கள்.

சித்தியோடு மாஹிம் பக்கம், பழைய பொருள் பிரிக்கும் 13 காம்பவுண்ட் வழியாகப் போனபோது எதிரே ஒருவர் தலையில் பெரிய பிளாஸ்டிக் மூட்டையோடு கத்திக்கொண்டே வந்தார். சுமை வரும்போது சந்தில் நிற்க முடியாது. எல்லோரும் கையெட்டும் வாசலில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் தயங்கினேன். நிலைப்படியில் மிதிக்கக் கூடாது, அதுவும் செருப்போடு கூடவே கூடாது என்று வளர்ந்தவள். உள்ளே அடுப்படியிலிருந்த அம்மா சத்தம் போட்டார். "செருப்போடவே ஏறிக்கோம்மா! சுமை வருதுல்லா!" ஏறி நின்றேன். மூட்டை என் மூக்கை உரசிப் போனது. அவர் என்னை யார் என்று கேட்கவில்லை, அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அந்தப் பகுதியில் எந்த வாசலும் சுமை வரும்போது எல்லோருக்கும் வாசல்தான் என்று சித்தி சொன்னார்.

இந்தச் சந்துகள் எல்லாம் கட்டடங்களாக மாறப்போகின்றன. தாராவி மறுசீரமைப்புப் பற்றி ஒவ்வொரு படியிலும் பேச்சு. தனிக் கழிப்பறை, வீட்டுக்குள் குழாய், எல்லாம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சித்தியின் பழைய பக்கத்து வீட்டு அம்மா இப்போதே, குடிசைகளுக்குப் பதிலாக வீடு கட்டித் தரும் எஸ்.ஆர்.ஏ. திட்டத்தின் கட்டடம் ஒன்றில் ஏழாவது மாடியில் இருக்கிறார். பார்க்கப் போயிருந்தோம். நீளமான நடைக்கூடம், இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், வெளியே செருப்புகள்.

"வீடு நல்லா இருக்கு. ஆனா இங்க மணி அடிச்சாத்தான் கதவு தொறக்கும். மணி அடிக்கணும்னா ஒரு காரணம் வேணும்லா" என்றார்.

அதனால் வீட்டில் தயிர் இருக்கும்போதே உறைமோர் கேட்டு எதிர் வீட்டு மணியை அடிக்கத் தொடங்கியிருக்கிறார். எதிர் வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம், முன்பின் பழக்கம் கிடையாது. முதல் தடவை கிண்ணத்தைக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்துவிட்டுச் சாத்திக்கொண்டார்களாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது. அந்த வீட்டு அம்மாதான், கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தார். திறந்திருந்த எதிர் வீட்டுக் கதவுப் பக்கம் சித்தி கைகாட்டினார். உள்ளே கட்டியிருந்த கொடியில் அந்த அம்மாவின் கம்பிக்கூடை தொங்கியது, அது நிறையக் கறிவேப்பிலை இருந்தது.