400 கிராம்

"அண்ணா, கயிற்றை அறுத்துவிட்டு இன்னொரு முறை ஏறட்டுமா?" என்று கபடி ஆட வந்த பையன் தராசில் நின்றபடி கேட்டான். அரைஞாண் கயிற்றைத்தான் சொன்னான். அறுத்துப் போட்டுவிட்டு ஏறினான். அப்போதும் 55.400 கிலோ. "மூன்று சுற்று ஓடிவிட்டு வா, பார்க்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வரியை இரண்டு பொங்கலாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கனிவாகத்தான் சொன்னேன். "முடியாது, போ" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஒரு வழி காட்டினேன். அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியது.

55 கிலோ கபடி என்றால் 55 கிலோதான், ஆடுகிறவன் அதைத் தாண்டக் கூடாது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்டத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்தும் அணிகள் வரும்; ஒருவனுக்கு விட்டால் மைதானமே சண்டைக்காடாகிவிடும். அன்றும் எதிரணி மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்றால் விட்டிருப்பேனா? விட்டிருக்கமாட்டேன் என்று சில நாள் தோன்றுகிறது, விட்டிருப்பேன் என்று சில நாள்.

எடை மேசையில் என்னை உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வேளையும் பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் பார்ப்பவன் நான். கை சுத்தமானவன் என்று பெயர். ஆட்டம் நடத்துகிற மன்றத்து வேலைக்குச் சம்பளமா தருகிறார்கள்? அந்தப் பெயர்தான் கூலி. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பையன் யாரிடமோ மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ஓடினான். நடுநடுவே எச்சிலைத் துப்பிக்கொண்டே ஓடினான். வந்து ஏறினால் 55.100. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே மறுபடி ஓடப் போனான். அடுத்த முறை சரியாக 55. எழுதிக்கொண்டேன்.

முந்தின நாள் இரவே அவன் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் பாதியில் ரெய்டு போனவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கோட்டுக்கு வெளியே தூக்கி வந்து போட்டார்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தோம். குடித்ததும் வாந்தி எடுத்தான். 400 கிராம் என்றால் அரை லிட்டர் தண்ணீர்கூட இல்லை. பாலில் தண்ணீர் கலந்தால் பிடித்துவிடுகிறவன், வளர்கிற பையனின் உடம்பிலிருந்து தண்ணீரை இறைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஓடியது அவன். சாப்பிடாமல் இருந்ததும் அவன் முடிவு. பெயர் கொடுத்தது அவனுடைய அணி. அந்தப் பிரிவில் ஆடுகிற பையன்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் செய்கிறார்கள். எடை போட்டு முடிந்ததும் வாழைப்பழமும் தண்ணீருமாக உள்ளே தள்ளுவார்கள். இவனுக்கு அதற்குக்கூட நேரம் இருக்கவில்லை, முதல் ஆட்டமே இவர்களுடையது. ஆட்ட வரிசையை எழுதியது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான்.

அவன் அம்மா ஓடி வந்தார். பையனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எடை போட்டது நீங்கள்தானுங்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், விதியைக் காட்டியிருப்பேன். என்ன நினைத்துக் கேட்டார் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

மாலையில் தராசைக் காய்கறிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கத் தூக்கப் போனேன். மேலே யாரும் இல்லை. பாலக்காட்டுக் கணவாயை நோக்கி அடிக்கிற தை மாதக் கிழக்குக் காற்று அது, பந்தல் துணியையே கிழிக்கும். வெறும் தட்டில் எண் ஆடியது. 0.100, 0.200, மறுபடி பூஜ்யம். எடை போட்டபோதும் அப்படி ஆடியதா என்று நான் கவனிக்கவில்லை. கூட்டிக் காட்டியதோ, குறைத்துக் காட்டியதோ. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்று எடை போட்ட எல்லாப் பையன்களின் கணக்கையும் சந்தேகப்பட வேண்டிவரும்.

இனி அந்த மேசைப் பக்கமே போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். போன வாரம் மன்றத்திலிருந்து தம்பி ஒருவன் வந்தான். "எடைக்கு நீங்கள்தானே அண்ணா?" என்றான்.

"தராசைப் பள்ளிக்கூட வராந்தாவில் வையுங்கள், அங்கே காற்று வராது" என்றேன்.