வரப்பு வெட்டிய கை

மெல்பர்ன் நகரின் தென்கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், ஒரு பட்டை மாதிரி மணல் நிலம் ஓடுகிறது. சாண்ட்பெல்ட் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் பேர்பெற்ற கோல்ஃப் மைதானங்கள் பலவும் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பராமரிப்பு ஆளாகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்திருந்தது புல்லும் மண்ணும் மட்டும்தான். ஃபேர்வே, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்பாதை, முழுக்க அருகம்புல். அங்கே அதைக் கூச் என்கிறார்கள். தேனிப் பக்கத்து எங்கள் வயலில் அப்பா வாழ்நாளெல்லாம் பிடுங்கி எறிந்த களை, இங்கே உரமும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு ராஜபோகமாக இருந்தது.

சேர்ந்த முதல் மாதம், ஏழாவது கிரீன், அதாவது கொடி நட்ட குட்டைப்புல் தரை, அதன் பக்கத்து மணற்குழியின் விளிம்பைச் சீர்செய்யச் சொன்னார்கள். பங்கர் என்று சொல்வது அதைத்தான். விளிம்பில் புல் தாறுமாறாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரம் ஓரிடத்தில் துருத்தியும் ஓரிடத்தில் உள்வாங்கியும் இருந்தது. அப்பா வரப்பு வெட்டிப் பார்த்து வளர்ந்தவன் நான். மண்வெட்டியைக் கூராக்கிக்கொண்டு, மத்தியானத்துக்குள் அந்த விளிம்பை நூல் பிடித்தாற்போல் செதுக்கி முடித்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். திட்டவில்லை. ஒன்றும் சொல்லாமல் என்னை முதல் அடி அடிக்கும் இடமான டீ வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். நூற்றைம்பது மீட்டர் தள்ளி நின்று திரும்பிப் பார்க்கச் சொன்னார். மற்ற குழிகளெல்லாம் மழையும் காற்றும் அரித்து நிலம் தானாக வாய்பிளந்த மாதிரி இருந்தன. நான் தொட்டது மட்டும் ஆள் வெட்டிய பள்ளமாகத் தெரிந்தது. வயிற்றைப் பிசைந்தது. அன்று சாயங்காலம்தான் டாக்டர் அலிஸ்டர் மெக்கன்ஸியைப் பற்றி முதன்முதலாகக் கேட்டேன்.

மெக்கன்ஸி உண்மையிலேயே மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இருந்தபோது, எதிரிகளின் பதுங்குகுழிகள் நிலத்தோடு நிலமாகக் கரைந்து கண்ணுக்கே படாமல் இருந்ததைக் கவனித்தார். முதல் உலகப் போரில் அந்த மறைப்புக் கலையை ராணுவத்துக்கே கற்றுக்கொடுத்தார். பிறகு அதே கண்ணோடு மைதானம் வரைய வந்தார். மனிதன் போட்ட மேடும் குழியும் இயற்கை போட்டதிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கிரீனுக்கு வெகு முன்னாலேயே ஒரு குழியை வைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கிரீனை ஒட்டியிருப்பது போலத் தோன்றும். இடையில் கிடக்கும் விசாலமான புல்வெளி ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாது. பயம் கண்ணுக்குத்தான், பந்துக்கு இல்லை. என் நேர்க்கோடு கெடுத்தது இந்த ஏமாற்றைத்தான்.

1926 கடைசியில் ராயல் மெல்பர்ன் கிளப் அவரை வரவழைத்தது. சில வாரங்கள்தான் இருந்தார். நிலத்தை நடந்து பார்த்து, வரைந்து கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அவர் வரைந்த, கிளப்பின் மேற்கு மைதானம் 1931இல் திறந்தபோது அவர் இல்லை. அதன்பின் ஆஸ்திரேலியாவுக்கு வரவும் இல்லை. அமெரிக்காவில் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைத்தார். அங்கே முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடப்பதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்பு, 1934 ஜனவரியில் இறந்துபோனார்.

அப்படியானால் மேற்கு மைதானத்தைக் கட்டியது யார்? 1924இல் ஆஸ்திரேலிய ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற அலெக்ஸ் ரஸல் மேற்பார்த்தார். மண்ணை அள்ளி உருவம் கொடுத்தவர் கிளப்பின் தலைமைப் பராமரிப்பாளர் மிக் மார்க்கம். குதிரை இழுக்கும் மண்வாரியால் அந்த வளைவுகளைக் கொண்டுவந்தார். காகிதத்தில் இருந்த கோட்டைப் பார்த்து, காற்று அரித்தது போல ஒரு விளிம்பை ஒருவர் கையால் வெட்ட முடிந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். கோல்ஃப் பேசுகிறவர்கள் மெக்கன்ஸியைச் சொல்கிற அளவுக்கு மார்க்கமையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், கட்டி முடித்ததோடு தீரவில்லை. சாண்ட்பெல்டில் கிரீன் புல் நேராக மணற்குழியின் உதடு வரைக்கும் போய் நிற்கும். நடுவே தடுக்க வளர்ந்த புல் கிடையாது. உருளும் பந்து மெல்லக் குழிக்குள் விழும். அந்த ஓரத்தில் புல் வெட்டும் மோவரைத் திருப்புவது சிரமம். பயந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வெட்டினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படியே பல வருஷம் போனால் கிரீனின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும். கொடி நடும் இடம் குறையும். அந்த மூலையைக் காக்க வைத்த குழிக்கு வேலையே இருக்காது. குழியிலிருந்து அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் மணல் தெறித்து உதட்டில் படிந்து, மேடும் வளரும். வடிவமைத்தவர் போட்ட கோடு, காலை ஐந்தரை மணிக்கு மோவர் பிடிக்கிறவன் கையில் இருக்கிறது.

2019 டிசம்பரில் பிரெசிடென்ட்ஸ் கோப்பை கோல்ஃப் போட்டிக்காக ராயல் மெல்பர்னில் கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டார்கள், நானும் போனேன். விடியுமுன் மேற்கு மைதானத்தின் ஆறாவது ஆட்டப்பாதையில், அந்த வலப்பக்க வளைவில் இருக்கும் பங்கர்களின் மணலை வாரினேன். வெளிச்சம் தாழ்வாக வந்தபோது விளிம்பின் நிழல் மணலில் விழுந்தது. ஒரு இடத்திலும் நேர்க்கோடு இல்லை. வாரியைச் சாத்திவிட்டு, விரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

நான் கெடுத்த ஏழாவது விளிம்பு திரும்ப வளர இரண்டு பருவம் பிடித்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் மண்வெட்டி கொடுப்பதில்லை. டீக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பார்க்கச் சொல்கிறேன்.