மிளகு இல்லாத பொங்கல்

போன ஜூன் மாதம் எங்கள் கல்லூரி அட்மிஷன் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். டெலிகிராமில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் வேலை. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழி ஆகிவிட்டது. முன்போல அண்ணா பல்கலைக்கழக வாசலில் பக்கத்தில் நிற்பவரிடம் விசாரிக்க வழியில்லையே!

"அண்ணா, 178 கட் ஆஃபுக்கு இசிஇ பிரிவு கிடைக்குமா?" இதுதான் பாதிக் கேள்வி. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கட் ஆஃப் கணக்குப் போடவே சிலருக்குத் தெரியவில்லை.

அலுவலகம் கொடுத்த ஏசி அரங்கப் படங்களை யாரும் சீண்டவில்லை. ஒருநாள் மெஸ் பொங்கலைப் படமெடுத்து, "மிளகு தேடினால் கிடைக்காது, சாம்பார் பரவாயில்லை" என்று போட்டேன். அப்புறம் கேள்விகள் கொட்டின. மறுநாளே, "தம்பி, அதை எடுத்துடுங்க" என்று போன் வந்தது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகம் 2004லிருந்தே தன் அட்மிஷன் வலைப்பதிவில் மாணவர்களை எழுத விடுகிறது. இங்கே பொங்கலுக்கே பயம்.

சரி, எடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு அப்பா குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "பொண்ணுங்க ஹாஸ்டல்ல சுடுதண்ணி வருமாப்பா?" வகுப்புத் தோழியிடம் கேட்டுச் சொன்னேன்: "ஆறு மணிக்குள்ள எழுந்தா வரும், சார்."