லயத்துக்கு மேலே ஒரு பட்ட சவுக்கு

மே 29, 2025, வியாழன்

விடிவதற்கு முன்பே தொலைபேசி அடித்தது. இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் வீதிக்குக் குறுக்கே ஒரு டர்பன்டைன் (யூகலிப்டஸை இங்கே அப்படித்தான் சொல்வோம்) விழுந்து முதல் பஸ் நிற்கிறதாம். இரவு முழுக்கக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டதிலேயே இப்படி ஓர் அழைப்பு வரும் என்று தெரியும். தென்மேல் காற்று இறங்கிவிட்டால் மரம் வெட்டும் எங்கள் பிழைப்புக்குப் பஞ்சமில்லை. ஊருக்குக் கெட்ட காலம் எங்களுக்கு நல்ல காலம் என்பதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போய்ப் பார்த்தால் மரத்தைச் சுற்றிப் பெரிய கூட்டம், ஆளுக்கொரு கத்தி. விழுந்த மரம் செத்த பாம்பு என்று எல்லோருக்கும் நினைப்பு. வேரோடு பெயர்ந்து விழுந்த மரம் அப்படியல்ல. வேரும் மண்ணுமாக ஓர் ஆள் உயரச் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது தண்டின் பாரம்தான். தண்டை அறுத்ததும் பாரம் விட்டுப்போய், அந்தச் சுவர் தன் பழைய குழிக்குள்ளேயே திரும்பி விழும். இன்று அந்தக் குழிக்குள் ஒரு பையன் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். காதைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவனுடைய அப்பா என்னை முறைத்தார். அரை மணி கழித்து, வாள் தண்டைக் கடந்த கையோடு வேர்ச்சுவர் எழுந்து குழியை மூடிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு அவரே போய் எனக்குப் பிளேன்டீ வாங்கி வந்தார்.

மே 31, சனி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, வீதியில் மரம் அறுத்ததைப் பார்த்துவிட்டு எங்கள் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்திருந்தார். “தம்பி, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டாவது போங்கள். பார்ப்பதற்குக் காசு கேட்பீர்களா?” என்றார். கேட்கவில்லை.

லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மேட்டில் ஒரு சவுக்கு, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக். அறுபது அடிக்குக் குறையாது. இலையில்லை, பூவில்லை, பட்ட மரம். சாய்வு நேராக ஐந்தாம், ஆறாம் காம்பராக்களின் கூரையைப் பார்த்து.

அடியைப் பார்த்ததும் கதை புரிந்துவிட்டது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வளையமாகப் பட்டை உரித்திருக்கிறார்கள். தேயிலைக்குள் நிற்கும் சவுக்கை நேரே வெட்டிவிடக் கூடாது என்பது பழைய பாடம். பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் இலையில் சமைத்தது வேருக்கு இறங்காது. மரம் மெதுவாகச் சாகும்போது வேரில் சேர்த்து வைத்த மாப்பொருள் எல்லாம் தீர்ந்துபோகும். அதன் பிறகு வெட்டினால் கட்டையில் வேர்க்காளான் பிடித்துப் பக்கத்துத் தேயிலைக்குப் பரவுவது குறையும். அப்பா தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்காரர், எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் அவர்தான். உரித்தது சரி. செத்ததும் வெட்ட வேண்டும் என்ற மற்றப் பாதியை யாரோ மறந்துவிட்டார்கள். உரித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்கிறார் அக்கா.

கத்தியின் முதுகால் அடியைத் தட்டினேன். மேல்பக்கம் ‘டங்’ என்றது. லயத்தின் பக்கம் நனைந்த சாக்கைத் தட்டியது போல ‘பொத்’. மண்ணை ஒதுக்கினால் வேரும் தண்டும் சேருமிடத்தில் கரி பூசியது போலக் கறுத்த, மேடுபள்ளமான தோல். நகத்தால் பெயர்த்தால் சில்லுச் சில்லாக வருகிறது. அது வேர்க்காளானின் தோல். அந்தக் காளான் பிடித்த மரம் நாராகக் கிழியாது. பீங்கான் தட்டு மாதிரி ஒரே முறிவாக முறியும், முன்கூட்டி ஓர் ஓசையும் தராது. ஆகவே இதில் யாரும் ஏறக் கூடாது.

“ஏற முடியாதென்றால் எப்படித் தம்பி வெட்டுவீர்கள்?” என்றார் அக்கா. எனக்கும் அப்போது தெரியவில்லை. மேட்டின் மேலே, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு டர்பன்டைன் நிற்கிறது. நல்ல மரம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 2, திங்கள்

தோட்டத்து ஆபீஸ். மனேஜர் துரை இல்லை. கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார் கிளாக்கர். அக்கா ஏற்கெனவே மூன்று கடிதம் கொடுத்திருக்கிறார். நாலாவதை நான் எழுதினேன். கூரைக்கு மேலே நிற்கும் மரம் கம்பனியுடையது. கூரையும் லயத்துக்காரர்கள் பெயரில் இல்லை. விழுந்தால் சாவது மட்டும்தான் அவர்களுடையது. இந்த வரியைக் கடிதத்தில் எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

கினிகத்தேனை. ஒரு வீட்டு முற்றத்துப் பலாவை அடியோடு எடுக்க வேண்டுமாம். காரணம் கேட்டால், “கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் விழுந்ததே, தெரியாதா?” என்கிறார் வீட்டுக்கார ஐயா. 2023 அக்டோபர் 6-ஆம் திகதி கொழும்பில் அந்த மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து நாட்டில் நிற்கிற மரமெல்லாம் குற்றவாளி. வேலை கூடியது உண்மை. ஆனால் அப்படிக் கூப்பிடுகிற இடங்களில் வெட்ட வேண்டிய மரத்தை நான் கண்டது குறைவு.

பலாவை நினைத்தவுடன் வெட்டவும் முடியாது. 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் காக்கிறது. கிராம உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும், பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஐயாவின் பயம் பாதி தெளிந்தது. சுற்றிவந்து தட்டிப் பார்த்தேன், மணி போல ஒலித்தது. கூரையில் உரசிய ஒரு கிளையையும் காய்ந்த இரண்டையும் எடுத்தோம். கிளையை அறுக்கும்போது தண்டோடு ஒட்ட வழிக்காமல், அடியில் வீங்கித் தெரியும் கழுத்தை விட்டுவிட்டு அறுத்தேன். அங்கிருந்துதான் காயம் மூடும். “ஏன் இவ்வளவு மிச்சம் விடுகிறீர்கள், அசிங்கமாக இருக்கிறதே” என்று கேட்டார். அசிங்கம்தான், ஐயா. பேசிய காசில் பாதிதான் கிடைத்தது. ஒரு பலாக்காய் இலவசம்.

ஜூன் 7, சனி

மழை. கயிறுகளைக் கழுவி இஸ்தோப்பில், முன் திண்ணையில், காய விட்டேன். முழுக் கயிற்றையும் விரலுக்குள் விட்டு அடி அடியாக இழுத்துப் பார்த்ததில் ஓரிடத்தில் உள்ளே மெலிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அங்கே வெட்டி இரண்டாக்கிவிட்டேன். நீளமானதை மரத்துண்டு இறக்க வைத்துக்கொள்ளலாம் என்றான் என்னோடு வேலைக்கு வரும் தம்பி. அவனுக்கு ஏச்சு விழுந்தது.

இயந்திர வாளுக்குப் பொலிஸில் பதிவு உண்டு. 2019-இல் எல்லோரும் கொண்டுபோய்ப் பதிந்தோம். வாளைப் பிடிக்கிறவனுக்கு ஏறத் தெரியுமா, முடிச்சுப் போடத் தெரியுமா என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். வேலையில்லை. ஹட்டனில் இலவசமாகக் கடலை கொடுக்கும் தன்சல், வரிசை மிக நீளம்.

மாலையில் அக்கா அழைத்தார். நேற்று அந்தச் சவுக்கின் கொம்பு ஒன்று முறிந்து பீலிக்குப் பக்கத்தில் விழுந்ததாம். பிள்ளைகள் குளித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில். யாரோ படம் எடுத்துத் தொழிற்சங்கக்காரர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

அனுமதி கிடைத்துவிட்டது. நாலு கடிதம் செய்யாததை ஒரு படம் செய்தது. தோட்டம் கொந்தரப்பாக, மொத்த வேலைக்கு ஒரே தொகையாகப் பேசியது, நானும் அதிகம் இழுக்கவில்லை.

மாலையே போய் டர்பன்டைனைச் சுற்றிவந்தேன். முதலில் பார்த்தது குளவிக்கூடு இருக்கிறதா என்றுதான். இந்த மலைகளில் கொழுந்து மலையில் நின்றவர்களையே குளவி கொட்டிக் கொன்றிருக்கிறது. வாள் சத்தம் கேட்டால் கேட்கவே வேண்டாம். மேற்குக் கொம்பில் பழைய கூடு ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. பிறகு அடி, வேர், கவடுகள். எல்லாம் சரி.

இந்த மரம் நிற்கப் போகிற மரம். ஆகவே ஆணிச் சப்பாத்து போடுவதில்லை என்று முடிவு. ஒவ்வொரு குத்தும் ஒரு புண், ஒவ்வொரு புண்ணும் காளானுக்கு ஒரு வாசல். சிறு மணல் பை கட்டிய நூலை எறிந்து கவட்டில் மாட்டிக் கயிறு ஏற்ற வேண்டும். தம்பி ஏழாவது எறியில் மாட்டினான். நான் எறிந்திருந்தால் எட்டாகியிருக்கும், அதைச் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலை ஏழரை. பிரட்டு, அதாவது காலை ஆள் கணக்கு, முடிந்து பெண்கள் மலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில். ஐந்தாம் காம்பராவில் ஓர் ஆத்தா மட்டும் அடுப்பை விட்டு எழ மாட்டேன் என்றார். எங்களோடு கயிறு பிடிக்கும் மாமா போய், “ஆத்தா, அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சரியாகக் கயிறு பிடிக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். உடனே எழுந்து வந்துவிட்டார்.

டர்பன்டைன் அடியில் மாமா கற்பூரம் ஏற்றினார். மரத்திடம் சொல்லாமல் ஏறுவதில்லை. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. ஏற்றாத நாளில் கால் கூசுகிறது.

எழுபதடியில் என் கயிறு. அதற்குக் கொஞ்சம் மேலே, எதிர்க் கொம்பில் கப்பி. அதன் வழியாக இறக்கும் கயிறு. அதன் மறுமுனையை மாமா கீழே வேறொரு மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறார். பாரத்தைத் தாங்குவது அவர் கையல்ல, அந்தச் சுற்றுகளின் உராய்வு. ஒரு விசில் பிடி, இரண்டு விசில் விடு.

நான் டர்பன்டைனிலிருந்து கயிற்றில் சாய்ந்து ஊஞ்சல் போலச் சவுக்குக்குப் போனேன். காலை அதன் மேல் வைக்கலாம், பாரத்தை வைக்கக் கூடாது. நாள் முழுக்க அதுதான் கஷ்டம். மரம் கண்டால் கட்டிப்பிடிக்கப் பழகிய உடம்பு. பச்சை மரத்தில் முன்வெட்டுப் போட்டுப் பின்னால் அறுத்து, இடையில் விடும் நார் கீல் போல மடங்க, துண்டை நினைத்த திசைக்குச் சாய்க்கலாம். பட்ட மரத்தில் கீல் கிடையாது, மடங்காது, முறியும். ஆகவே துண்டு விழ இடமே கொடுக்கக் கூடாது. முதலில் துண்டைக் கட்டி, மாமா கயிற்றை விறைக்க இழுத்து, அது தூக்கில் தொங்குகிற நிலைக்கு வந்த பிறகே அறுப்பேன். அறுத்து முடிந்ததும் துண்டு விழாது. கூரையை விட்டு விலகி டர்பன்டைன் பக்கம் மெதுவாக ஆடிப் போகும். தம்பி அதைக் கைக்கயிற்றால் வாங்கி இறக்குவான்.

மேல் பாதி சின்னத் துண்டுகள், விறகுக் கட்டு பாரம். பதினொரு மணிக்கு மேல் தண்டு. மூன்றடித் துண்டு, ஒன்றரை அடிக் குறுக்களவு. காய்ந்ததுதான் என்றாலும் எண்பது கிலோவுக்குக் குறையாது.

தவறு ஒரு மணிக்கு நடந்தது, என்னுடையதுதான். கட்டியிருந்த துண்டில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கொம்பை முதலில் எடுக்காமல் விட்டேன். சின்னதுதானே என்று. துண்டு ஆடிய வேகத்தில் கொம்பு தண்டில் மோதி முறிந்து நேரே கீழே போனது. தகரத்தைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்த சத்தம். பிறகு அடுப்பங்கரையில் சட்டி உருண்ட சத்தம். ஆத்தா காலையில் உட்கார்ந்திருந்த இடம். மாமா கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் கயிற்றில் தொங்கியபடி வாளை நிறுத்திவிட்டு, கை நடுக்கம் நிற்கும்வரை இருந்தேன்.

நாலரைக்கு மரம் தரையில் முடிந்தது. அடியை அறுத்தபோது உள்ளே நடுவில் ஒரு கை புகும் அளவு வெறுமை. லயத்துப் பக்கம் நல்ல மரம் மூன்று விரல் தடிப்புக்கு மட்டும் இருந்தது.

ஜூன் 14, சனி

காலையில் தகரம் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அடித்துக் கொடுத்தேன், சட்டிக்கும் சேர்த்து. நேற்றைய கூலியில் என் பங்கு ஏறக்குறைய அதோடு சரி.

தோட்டத்து லொறி வந்து தண்டுத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. மரம் கம்பனியுடையது அல்லவா. சிராய்களையும் சுள்ளிகளையும் மட்டும் லயத்துக்காரர்கள் பொறுக்கினார்கள். ஆத்தா மட்டும் எப்படியோ ஒரு வட்டத் துண்டை அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

புறப்படும்போது ஏழாம் காம்பராக்காரர் வந்து, “தம்பி, கையோடு அந்த டர்பன்டைனையும் எடுத்துவிட முடியாதா? நாங்கள் காசு சேர்த்துத் தருகிறோம்” என்றார்.

அது நல்ல மரம், தட்டிப் பார்த்தேன், நேற்று முழுக்க என்னையே தாங்கியது என்றேன்.

“அந்தச் சவுக்கும் ஒரு காலத்தில் நன்றாகத்தானே இருந்தது” என்றார்.

மாமாவும் தம்பியும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கத்தியைக் கொடுத்து அவரையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தரம் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். கத்தியைத் திருப்பித் தந்துவிட்டு, “எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்” என்றார்.